அம்மாவின் கீழாநெல்லியும் மாமாவின் பத்தியமும்

கல்ஃபில் முசஃபா என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வைத்தியர்கள் இருந்தார்கள். ஒருவர் அம்மா. இன்னொருவரும் அம்மாதான். காய்ச்சல், தலைவலி, மேல்வலி என்றால் இங்கிலீஷ் மருந்துக்கார அம்மா வருவாள். வயிறு, பித்தம், ஈரல் என்று நோய் உள்ளே போகப் போக நாட்டு மருந்துக்கார அம்மா வந்துவிடுவாள். இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. நாட்டு மருந்து கொடுக்கிற நாட்களில் இங்கிலீஷ் மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இங்கிலீஷ் மருந்துகள் கட்டிலுக்கு அடியில் ஒரு நீல நிற வட்ட பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அந்த டப்பா அப்போது கல்ஃபில் எல்லார் வீட்டிலும் இருந்தது. மற்றவர்கள் அதில் ஊசியும் நூலும் வைத்திருந்தார்கள், அம்மா மருந்துக்கடை வைத்திருந்தாள். ஊருக்கு லீவில் போய்த் திரும்புகிற யாராக இருந்தாலும் அவர் பெட்டியில் முறுக்கு, ஊறுகாயோடு அம்மாவுக்கு நாலு அட்டை மாத்திரையும் வந்துவிடும். பட்டுக்கோட்டை மருந்துக்கடையில் வாங்கினால்தான் நம் உடம்பு கேட்கும், இங்கே விற்பதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்காகச் செய்தது என்பது அவள் கட்சி. அப்பா ஒரு கார் உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பர். மருந்து விஷயத்தில் அவர் எந்தக் கட்சியிலும் சேராமல் தும்மிக்கொண்டே காலம் தள்ளினார்.

மாமா என்பது அம்மாவின் ஒரே தம்பி. வெல்டர். அப்பாவைக் காலையிலும் மாலையிலும் நச்சரித்து, அவர் கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி வைக்கச் செய்து, மாமாவுக்கு விசா வாங்கிக் கொடுத்தவள் அம்மா. அவர் இருந்தது பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த கம்பெனி கேம்ப்பில். நாங்கள் இருந்தது ஷாபியா என்ற குடியிருப்புப் பகுதியில், பல குடும்பங்களுக்குத் தடுத்துக் கொடுத்த ஒரு வில்லாவின் ஒற்றை அறையில். அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளிக்கிழமை வந்தால் மாமா குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு சாப்பிட வந்துவிடுவார். சாப்பிட்டுக் கிளம்பும்போது அம்மா அவர் கையில் ஒரு பை கொடுப்பாள். அதில் புளிக்குழம்பு இருக்கும், பருப்புப் பொடி இருக்கும், டப்பாவிலிருந்து எடுத்த மாத்திரை அட்டை ஒன்றும் இருக்கும்.

மாத்திரை ஏனென்றால் மாமாவுக்குத் தோள்பட்டை வலி. தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்து நாள் முழுதும் வெல்டிங் அடிக்கிற வேலை. லீவு போட்டால் ஃபோர்மேன் முகத்தைத் தூக்கிக்கொள்வான் என்பதால் வலியோடு ட்யூட்டிக்குப் போவார். கேம்ப்பில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். காலில் ஆணி குத்தினாலும் கண்ணில் பொறி விழுந்தாலும் அவர் கொடுப்பது ஒரே வெள்ளை மாத்திரைதான். அறைக் கூட்டாளிகள் கடையில் வாங்கித் தின்கிற கலர் மாத்திரை ஒன்றும் உண்டு. இவை போக அக்காவின் மாத்திரை. மாமா இதற்கெல்லாம் ஒரு முறை வைத்திருந்தார். வெள்ளை மாத்திரை வெயிலுக்கு, கலர் மாத்திரை அசதிக்கு, அக்கா கொடுத்தது தோள்பட்டைக்கு. அந்தக் கோடை முழுவதும் மூன்றையும் சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர் மீன் குழம்பைத் தொடவில்லை. அம்மாவின் மீன் குழம்பைத் தொடாத மனிதனை அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“கண்ணைத் தொறடா.”

“ஒண்ணுமில்லக்கா. வெல்டிங் வெளிச்சம் பட்டுருச்சு.”

“வெளிச்சம் பட்டாச் செவக்கும்டா. இது மஞ்சப் பூத்துக் கெடக்கு.”

அப்பா எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “விசா மெடிக்கல் எப்ப மாப்ள?”

“அடுத்த மாசம், அத்தான்.”

விசா புதுப்பிக்கிற மெடிக்கலுக்கு மஞ்சள் கண்ணோடு போனால் அன்ஃபிட் என்று போட்டு, கைரேகை எடுத்து, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது அன்று எல்லாரும் நம்பிய விஷயம். கேம்ப்பில் ஒருவர் அப்படிப் போனதாகப் பேச்சு. அவர் வேறு என்ன வியாதிக்காகப் போனாரோ, யாரும் விசாரித்ததில்லை. ஊரில் மாமாவை நம்பி, கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பாத அத்தை இருந்தாள். அம்மா அழ ஆரம்பித்தாள். “நாந்தானே இவனக் கூப்புட்டு வெச்சேன். சீக்காளியாக்கி அனுப்பிட்டான்னு ஊர்ல என் மூஞ்சில முழிப்பாங்களா?” என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நாட்டு மருந்துக்காரியாக எழுந்தாள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மருந்து ஆரம்பிக்கும் முன்பே பத்தியம் ஆரம்பித்துவிட்டது. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, மீன், கறி என்று மூச்சுவிடக் கூடாது. முக்கியமாக இங்கிலீஷ் மாத்திரை ஒரு பொடிகூட உள்ளே போகக் கூடாது. மாமா ஃபோர்மேனிடம் கெஞ்சிச் சம்பளமில்லாத லீவு வாங்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அப்பா கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்.

மருந்துக்குத்தான் வழியில்லை. பாலைவனத்தில் கீழாநெல்லிக்கு எங்கே போவது? அப்பா அதைக் கேட்டும்விட்டார். அம்மா பதில் சொல்லாமல் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெரிய சாலைக்கு நடந்தாள். அங்கே சாலை நடுவிலும் பூங்காவிலும் குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பூச்செடி வளர்த்தார்கள். பூச்செடி காலடியில் களையும் வளர்ந்தது. அம்மா பூவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொரு களையாகத் திருப்பிப் பார்த்தாள். இலைக்கு அடியில் கடுகு கடுகாகக் காய் வரிசை இருந்தால் கீழாநெல்லி. ஒன்று கிடைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் தோட்ட வேலை பார்த்த பங்களாதேஷ்காரர் ஓடி வந்துவிட்டார்.

அம்மாவின் இந்தி காய்கறிக்கடைவரைக்கும்தான் போகும். “பாய், யே பத்தா மாங்தா. மேரா தம்பி, ஆங்க் பீலா, பீலா,” என்று தன் கண்ணைக் காட்டி, தம்பிக்குக் கண் மஞ்சள், இந்த இலை வேண்டும் என்று புரியவைக்கப் பார்த்தாள். அவர் செடியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யே தோ கச்ரா ஹை, தீதி,” என்றார். வெறும் குப்பை என்கிறார் என்று நான் சொன்னேன். “குப்பையாவே இருக்கட்டும், பிடுங்கிக் குடுக்கச் சொல்லு,” என்றாள் அம்மா. தான் தினமும் பிடுங்கி எறிகிற களையை ஒரு குடும்பம் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி வில்லா கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

அம்மா அதை மிக்ஸியில் அரைத்து, லபன் என்று கடையில் விற்கிற மோரைத் தண்ணீராகக் கரைத்து அதில் கலந்து, காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கொடுத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, “இந்தச் செடிக்கு ஊத்துறது என்ன தண்ணின்னு தெரியுமா? ஊர் சாக்கடையைச் சுத்தம் பண்ணி விடுறான்,” என்றார். “நான் அலசிட்டேன்,” என்றாள் அம்மா. அவள் அலசியதற்கு மேல் உலகத்தில் சுத்தம் இல்லை.

மாமா இரண்டு மூன்று நாள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கடைக்குப் போகிற வழியில் எனக்கு நோட்டு வாங்கித் தருவதாக அம்மாவிடம் சொல்லி, என்னையும் மாமாவையும் காரில் ஏற்றி ஒரு கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார். பத்தியத்தில் இருப்பவனை டாக்டரிடம் காட்டியது தெரிந்தால் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்பதால் இந்த ஏற்பாடு. அப்பாவுக்கு ட்யூட்டி இருந்தது. மாமாவுக்குத் தெரிந்த இந்தி சைட்டில் திட்டு வாங்கக் கற்றுக்கொண்டது. டாக்டர் சூடான் நாட்டு அம்மாள், அவருக்கு அரபியும் இங்கிலீஷும்தான். ஆகவே ஒன்பது வயதில் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்து ரிசல்ட் வரும்வரை உட்கார வைத்தார். என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் அட்டைகளைப் பிரித்து மூன்றையும் பக்கம் பக்கமாகப் போட்டார். முதலாவதைத் திருப்பி ஒரு வார்த்தை படித்தார். இரண்டாவதைத் திருப்பி அதே வார்த்தையைப் படித்தார். மூன்றாவதற்கும் அதே. எனக்குப் பள்ளியில் வாய்ப்பாடு கேட்பது போல வேடிக்கையாக இருந்தது.

“மூணும் ஒண்ணுதானாம் மாமா. பேருதான் வேற வேறயாம். உள்ள இருக்கறது எல்லாம் பாரசிட்டமாலாம்.”

“ஒண்ணா?”

“ம்ம். மூணு பேர் சாப்புடறத நீங்க ஒரே ஆளாச் சாப்புட்டீங்களாம். மாசக் கணக்கா சாப்புட்டதால லிவர் கெட்டுப்போச்சாம். லிவர்னா ஈரல் மாமா. நம்ம மொளகு போட்டு வறுப்பமே, அது.”

மாமா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்த மூணுல எதுல மருந்து கூடன்னு கேளு பாப்பா,” என்றார்.

நான் கேட்டேன். டாக்டர் தயங்காமல் ஊரிலிருந்து வந்த அட்டையை, அம்மா கொடுத்ததை, விரலால் தட்டிக் காட்டினார். மற்றவற்றைவிட அதில்தான் ஒவ்வொரு மாத்திரையிலும் அளவு கூடுதலாம். நான் அதையும் அப்படியே சொன்னேன். டாக்டர், கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, அம்மா பத்தியம் போட்டு நிறுத்திவிட்டாள் என்று நானே சொன்னேன். டாக்டரின் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே போட்டிருந்தால் ஈரல் மொத்தமாகக் கைவிட்டிருக்குமாம், நிறுத்தியதுதான் ஆளைக் காப்பாற்றியதாம். இனி தானாகவே சரியாகிவிடும், வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

இலைச்சாற்றைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. இந்த மாதிரி இலைகளை எடுத்து ஈரலுக்கு நல்லது செய்யுமா என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்களாம், செய்தாலும் செய்யலாமாம். ஆனால் சாலையோரம் முளைத்தது, என்ன தண்ணீரோ என்ன மருந்து தெளித்தார்களோ, இப்போது இருக்கிற ஈரலுக்கு எதையும் கொடுத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம் என்றார். அதையும் சொல்லி முடித்தேன். என் மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்து அப்பா வரும்வரை கிளினிக் படியில் உட்கார்ந்திருந்தோம். மாமா எனக்கு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி குடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

“பாப்பா, உள்ள டாக்டர் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். அப்பாட்ட ரத்தம் எடுத்தாங்க, தானா சரியாயிரும்னாங்கன்னு மட்டும் சொல்லு. அம்மாட்ட மூச்சு விடாத. எந்தக் காலத்துலயும் சொல்லாத, என்ன?”

நான் தலையாட்டினேன். எனக்கு அது நன்றாகவே புரிந்துவிட்டதாக நினைத்தேன். அளவுக்கு மீறித் தின்றதற்காக டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறார், அக்காவுக்குத் தெரிந்தால் இன்னொரு முறை வாங்க வேண்டும், ஆகவே மறைக்கிறார். ரேங்க் கார்டை நான் மறைக்கவில்லையா? அதே கதை.

வீட்டில் நாடகம் ஆரம்பித்தது. இலைச்சாறு குடிக்கக் கூடாது, குடிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியவும் கூடாது. மாமா, “உள்ள நின்னு குடிச்சாக் கொமட்டுதுக்கா,” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வில்லா முற்றத்துக்குப் போவார். அங்கே யாரோ நட்டு வைத்த முருங்கைக் கன்று ஒன்று இருந்தது. நான் வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பேன். மாமா காலி டம்ளரோடு திரும்பி வந்து, கண்ணை இடுக்கி, உதட்டைச் சுழித்து, தோளைக் குலுக்கி, ஐயோ அம்மா என்பார். உண்மையாகக் குடித்த நாட்களில்கூட இவ்வளவு கசந்ததில்லை. அந்த வாரங்களில் முருங்கைக் கன்று தளதளவென்று தழைத்தது.

சாறு கன்றுக்குப் போனாலும் பத்தியத்தை மாமா ஒரு நாளும் மீறவில்லை. உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார். கண் மெல்ல மெல்ல வெளுத்தது. அம்மா தினமும் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். மஞ்சள் குறைகிறது என்று தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம் டம்ளரைப் பெரிதாக்கியதுதான். தோட்டக்காரரும் உற்சாகமாகிப் பை நிறையக் கொண்டுவந்தார். மாமா நாளுக்கு இரண்டு முறை முற்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

மெடிக்கல் நாளில் அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சில நாட்களில் ஃபிட் என்று வந்தது. விசா அடித்தாயிற்று. அம்மா மாமாவின் தலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். “என் இலை என் மானத்தக் காப்பாத்திருச்சுடா,” என்றாள். மாமா ஆமாக்கா, ஆமாக்கா என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

மறு வெள்ளிக்கிழமை பழையபடி குழம்பும் பொடியும் பையில் ஏறின. அம்மா கட்டிலுக்கு அடியில் கைவிட்டு டப்பாவை இழுத்தாள். தோள்பட்டை வலி போய்விடவில்லையே. மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க்கா. கீழாநெல்லி குடிச்ச ஒடம்பு. இனிமே இந்த மாத்திரையெல்லாம் ஏத்துக்குமா, நீயே சொல்லு.”

அம்மா யோசித்தாள். பத்தியம் இத்தனை நாளைக்கு என்றுதான் அவள் வைத்திருந்தாள், ஆயுசுக்கும் என்று வைத்ததில்லை. ஆனால் கேட்பதற்கு நியாயமாக இருந்தது. “ஏத்துக்காதுடா,” என்றாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினாள். கொஞ்ச நாளில் அது அவளுடைய சொந்தச் சட்டமாகவே ஆகிவிட்டது. அவள் புகழ் கேம்ப் முழுக்கப் பரவி, காமாலை வந்தவர்களும் வராதவர்களும் வெள்ளிக்கிழமைகளில் கீழாநெல்லி கேட்டு வர, “சும்மா குடிச்சாப் போதாது தம்பி, பையில வெச்சிருக்க மாத்திரையெல்லாம் இங்க எடுத்து வெய்யி,” என்று மிரட்டி வாங்கிக்கொண்டுதான் இலையைக் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் மாமாதான் சாட்சி. எங்க அக்கா குடுத்த கீழாநெல்லிதான் என்ன எழுப்பி உக்கார வெச்சுது என்பார். முருங்கைக் கன்றை அறிந்த எனக்கு இந்தப் புளுகு தாங்காது. கசப்புக்கும் அம்மாவுக்கும் பயந்த மனிதர் என்று வகுப்புத் தோழியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வருஷங்கள் ஓடி, எனக்குக் கல்யாணமாகிக் கல்ஃபிலேயே தம்மாமுக்குக் குடிவந்த பிறகு, ஒருநாள் என் பையனுக்குக் காய்ச்சல். ஒரு கையில் இங்கே வாங்கிய சிரப், இன்னொரு கையில் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய மருந்து. இரண்டிலும் பொடி எழுத்தில் அதே பெயர். அப்போதுதான் கிளினிக் படியில் மாமா ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அம்மா அவருக்கு வாராவாரம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது எது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், அவள் அதற்குப் பிறகு ஒரு நாளாவது நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாளா? அன்று எனக்கு மாமாவின் காலைத் தொட வேண்டும் போல இருந்தது.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் மாமா சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பையன் ஒருவன் அவரிடம் கல்ஃப் நிலவரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

“எங்க அக்கா இல்லேன்னா நான் அன்னிக்கே போய்ச் சேந்துருப்பேன். கீழாநெல்லி குடுத்து எழுப்பி உக்கார வெச்சா. மாத்திரையே தொடக் கூடாதுன்னுட்டா,” என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுச் சந்தோஷப்பட அம்மா இல்லை. மறுத்துச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், நான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும். குரல் மாறவில்லை, ஒரு வார்த்தை மாறவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காப்பியை வாங்கிக்கொண்டார். இந்த மனிதரைத்தான் ஒன்பது வயதில் நான் அம்மாவுக்குப் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.